மஞ்சளான குப்பி

மூன்றாம் படிவத்தோடு படிப்புக்கு முழுக்குப் போட்ட எனக்கு, மலேசியாவின் ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் வேலை. வாரம் ஒருமுறை, உயிருள்ள கிருமி அடைத்த சிறு குப்பியையும் இயந்திரத்துக்குள் வைப்போம். மறுநாளும் அது ஊதாவாகவே இருந்தால் கிருமி செத்துவிட்டது; மஞ்சளானால் பிழைத்திருக்கிறது.

அன்று சீக்கிரம் கிளம்பும் அவசரத்தில், இரண்டு தடவைக்கான கருவிப் பைகளை, அந்த வாரக் குப்பியோடு ஒரே தடவையில் திணித்தேன்.

"குப்பி முடிவு வரட்டும்டா," என்றார் நர்ஸ் அக்கா.

"பை மேல ஒட்டின டேப்பு கறுத்திருச்சு லா அக்கா. கிருமிலாம் ஊரை விட்டு சுங்காய்க்கே ஓடியிருக்கும்!"

அன்றே அந்தப் பைகளில் ஒன்றைப் பிரித்துத்தான் என் நண்பன் குமாருக்குப் பல் பிடுங்கினார்கள்.

மறுநாள் குப்பி மஞ்சள். டேப் சூடு பட்டதை மட்டுமே காட்டும், கிருமி செத்ததை அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. குமாரை அழைத்தேன்.

"மச்சான், உடனே வா. ரத்தம் செக் பண்ணணும்."

"போன வாரம் எனக்கு லாட்டரி நம்பர் அடிச்சிருச்சுன்னு ஏமாத்துன. இப்ப ரத்தமா? போடா!"

"சத்தியமா லா!"

சிரித்தபடியே வைத்துவிட்டான். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. கடைசியில் அக்காதான் கிளினிக் போனில் பேசினார். பக்கத்தில் நின்ற எனக்கு அவன் சிரிப்பு கேட்டது. பிறகு அது நின்றது.

ரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் சிரிப்பு நின்ற அந்த நொடி, ஒவ்வொரு முறை குப்பியைப் பார்க்கும்போதும் எனக்குக் கேட்கிறது.