ஞாயிற்றுக்கிழமைத் தரகர்

திருத்தங்கலில் எனக்கு வீடு காட்டிய தரகர், ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வரச் சொன்னார். வெள்ளைச் சட்டை, தேய்த்துத் தேய்த்துச் சிவந்த கைகள்.

"மத்த நாள் பாக்க முடியாதா?"

"ஞாயித்துக்கிழமைதான் தோது, சார்."

ஊரைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளுக்கு அன்று விடுமுறை. மற்ற நாளில் தெருவெல்லாம் வெடிமருந்து வாடை அடிக்கும், அதைத்தான் மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை சொல்லாமல் போனேன். வாடையே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா தண்ணீரைப் புகழ்ந்தார், தரகர் சொல்லிக்கொடுத்த ஆளோ என்று அவரையும் சந்தேகப்பட்டேன்.

திரும்பும்போது ஆலை வேனிலிருந்து தரகர் இறங்கினார். முழங்கை வரை வெள்ளிநிற மருந்து. என்னைக் கண்டதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சனிக்கிழமை தேச்சுக் கழுவுனாத்தான் போகும், சார். இந்தக் கையோட வந்தா, பக்கத்துலயே வெடி வேலை நடக்குதுன்னு வீடு பாக்க வாரவுக ஓடிருவாக."

அவர் எதையோ மறைக்கிறார் என்று நான் நினைத்தது மட்டும் சரியாக இருந்தது.