மூன்றாம் முறையும் அணையாத விளக்கு

புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. பிரசவ வார்டுக்கு வெளியே நான் நடந்த நடையில் தரையே தேய்ந்திருக்கும். உள்ளே என் மகள். தலைப்பிரசவம். பிரஷர் ஏறியிருக்கிறது, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா உள்ளே போய்விட்டார். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"குறுக்கும் நெடுக்கும் நடந்து என் உசிரை வாங்காதீங்க. வீட்டுக்குப் போயி அந்த ரூமைக் காலி பண்ணுங்க. பச்சப்புள்ளைய எங்க படுக்க வைக்கிறதாம்?"

ஸ்ரீரங்கத்து வீட்டில் அந்த அறையை அடைத்துக்கொண்டு நின்றது என் மினி கம்ப்யூட்டர். பெயர்தான் மினி, பீரோ அளவு இருக்கும். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் கழித்துக் கட்டியபோது ஆசைப்பட்டு வாங்கி வந்தது. மாலையில் பழைய இரும்புக்காரர் வண்டியோடு வருவதாக ஏற்பாடு. நான் போய் அறையைக் காலி பண்ணவா செய்தேன்? லேப்டாப்பை எடுத்து, ஒரு கேபிளால் அதோடு இணைத்தேன். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

முன்பக்கத்து சுவிட்சுகளைத் தட்டித் தட்டி, வருவதை எப்படி வாங்கிக்கொள்வது என்று அந்தக் கிழத்துக்கு முதலில் சொல்லித் தர வேண்டும். பிறகு லேப்டாப்பிலிருந்து மென்பொருளை அனுப்பலாம். வந்ததையெல்லாம் அது கூட்டிப் பார்க்கும். கணக்கு சரியென்றால் ஒரு வரிசை விளக்குகள் மொத்தமும் அணையும். ஒன்று எரிந்தாலும் எங்கோ தப்பு.

அனுப்பத் தொடங்கியபோதுதான் அந்த நினைப்பு வந்தது. இது பிழையில்லாமல் ஏறிவிட்டால் என் மகளுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கே வெட்கமாக இருந்தது. சமயபுரத்தாளுக்கென்று மனைவி மஞ்சள் துணியில் காசு முடியும்போதெல்லாம், "என்ன, அம்மாவுக்கு லஞ்சமா?" என்று கிண்டல் செய்கிறவன் நான்.

முதல் முறை விளக்குகள் எரிந்தன. என் அவசரம்தான். லேப்டாப்பின் வேகத்துக்குக் கிழம் ஈடுகொடுக்கவில்லை. வேகத்தைக் குறைத்தேன். சொட்டுச் சொட்டாகப் போனது. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தேன். போனைப் பார்த்தேன், வைத்தேன், சத்தம் வைத்திருக்கிறேனா என்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த முறையும் தப்பு. கேபிளைக் கழற்றித் துடைத்துச் செருகி, இன்னும் மெதுவாக அனுப்பினேன்.

மூன்றாம் முறை ஒரே ஒரு விளக்கு எரிந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மனைவி.

எடுக்கத் துணிவில்லை. அந்த ஒற்றை விளக்கைப் பார்த்தபடியே, "தாயே, மொட்டை போட்டுக்கிறேன், என் புள்ளையக் காப்பாத்திக் குடு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

"பொண்ணு பொறந்திருக்குங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ரூமைக் காலி பண்ணிட்டீங்களா?"

அழுதுகொண்டே, "பண்ணிட்டிருக்கேன்" என்றேன். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாலையில் இரும்புக்காரர் வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்துவிட்டார்.

பேத்தியின் முதல் மொட்டைக்குச் சமயபுரம் போனோம். அவளுக்கு முடிந்ததும் நானும் போய் உட்கார்ந்தேன். மனைவி என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். மொட்டை போடுகிறவர் தலையில் தண்ணீர் தெளித்து மழிக்க, முதல் மயிர் மடியில் விழுந்த பிறகுதான் குனிந்து கேட்டாள்.

"என்னங்க, அம்மாவுக்கு லஞ்சமா?"