டாக்ஸிக்காரரிடம் 'போயிட்டு வாரேன்' சொல்லலாமா?

போன மாதம் ஜார்ஜியா போய் வந்தேன். அமெரிக்காவில் இருக்கிற ஜார்ஜியா இல்லை. நம் பிள்ளைகள் டாக்டருக்குப் படிக்கப் போகிறார்களே, ரஷ்யாவுக்குக் கீழே... அந்த ஜார்ஜியா.

மலை, சர்ச், பாலம் எல்லாம் பார்த்தேன். ஊருக்கு வந்து யோசித்தால் மனதில் நிற்பது ஒரு டாக்ஸி டிரைவர்!

எனக்கு எப்போதும் இப்படித்தான். சிங்கப்பூர் என்றால் அந்தச் சீனப் பெரியவர். நான் சீட் பெல்ட் போட்டு முடிப்பதற்குள் எத்தனை பிள்ளைகள், என்ன சம்பளம், ஏன் இன்னும் வீடு கட்டவில்லை என்று விசாரித்துவிட்டார். கீரனூர் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. துபாய் என்றால் ஒரு பெஷாவர்க்காரர். நான் புதுக்கோட்டை என்றதும், "அறந்தாங்கி?" என்று கேட்டார். அவருடைய ரூம்மேட் அறந்தாங்கியாம். மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார்.

பாரிஸில் ஒருவர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாயே திறக்கவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று அன்றைக்கு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பேசாமல் வண்டி ஓட்டுவது சில ஊர்களில் மரியாதையாம். நம் ஊரில் அதற்குப் பெயர் கோபம்!

ஜார்ஜியாவுக்கு நான் போனது அக்காவுக்குத் துணையாக. அக்கா குளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அவள் மகன் அருண் திபிலீசியில் மருத்துவம் படித்து முடித்துவிட்டான். அவனுடைய பட்டமளிப்பு விழாவுக்குத்தான் போனோம். அவன் அங்கே போய்ச் சேர்ந்த மறு வருஷம் மாமா தவறிவிட்டார். பிறகு அக்கா ஒற்றை ஆளாக இழுத்துப் பிடித்து அவனைப் படிக்க வைத்தாள்.

அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை. மகன் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு மேடை ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். "அவுகளுக்கும் சேத்து நான்தானே பாக்கணும்" என்று திருச்சி ஏர்போர்ட்டிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள்.

விழா அன்று அருண் ஒத்திகைக்கென்று முன்னாலேயே கிளம்பிவிட்டான். எங்களுக்கு ஹோட்டலிலேயே டாக்ஸி வரவழைத்துக் கொடுத்தார்கள். எங்கள் இரண்டு போன்களுக்கும் ஹோட்டல் வைஃபையைத் தாண்டினால் உயிர் கிடையாது. அப்படியே கிளம்பினோம்.

அக்காவுக்குக் கார் என்றால் முன்சீட்தான். பின்னால் உட்கார்ந்தால் குமட்டும். வழக்கம்போல இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறப் போனாள். அங்கே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி டிரைவர் உட்கார்ந்திருந்தார்! அங்கெல்லாம் ஸ்டீயரிங் இடப்பக்கம். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே நெஞ்சில் கை வைத்து, தன் பெயர் தாத்தோ என்றார். வயது முப்பதுகூட இருக்காது.

"தாத்தாவா? நம்ம அருணுக்கு அண்ணன் மாதிரில்ல இருக்காரு" என்றாள் அக்கா. அதன் பிறகு அவரைத் தம்பி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

காலேஜ் வாசலில் இறங்கினோம். அக்கா பட்டுப்புடவையை நீவிவிட்டுக்கொண்டாள். டிரைவரைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"தம்பி... ஐ கோ அண்ட் கம்."

எனக்கு மானமே போய்விட்டது. அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, 'பை' என்றால் போதும் என்று அவள் காதைக் கடித்தேன்.

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல 'போறேன்'னா சொல்லுவாக? நீ சும்மா வாடி."

உள்ளே போனால்... காலேஜ் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒரு வாட்ச்மேன் மட்டும் நின்றார். அருண் அனுப்பியிருந்த அழைப்பிதழைப் போனில் காட்டினேன். பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தெரிந்த ஆங்கிலத்தையும் கையையும் வைத்து விளக்கினார். விழா இங்கே இல்லை, ஆற்றுக்கு அங்கிட்டு ஒரு கச்சேரி ஹாலில்!

அருண் இதைச் சொல்லாமல் இல்லை. ஆனால் காலேஜ் விழா என்றால் காலேஜில்தானே நடக்கும்? ஹோட்டலில் நாங்கள் கேட்டதே காலேஜுக்கு டாக்ஸி.

வாசலுக்கு ஓடி வந்தோம். விழா தொடங்கும் நேரம். தெருவில் காலி டாக்ஸி ஒன்றுகூட இல்லை. அக்கா முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை தூரம் வந்து, இப்படியா?

எதிர் ஓரத்திலிருந்து யாரோ கையாட்டினார்கள். தாத்தோ! கார்மேல் சாய்ந்துகொண்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஓடிப்போய் முன்சீட் கதவைத் திறந்துவிட்டார்.

"கம்?" என்றார்.

வந்தாச்சா என்று கேட்கிறார்! யோசித்தால் அவர் செய்ததுதானே சரி? ஒரு அம்மா கை கூப்பி, 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறார். வரும்வரை நிற்க வேண்டாமா? நாமும் காலம் காலமாகக் கடைக்காரர், கண்டக்டர், ஆட்டோக்காரர் என்று பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அதை நம்பி யாராவது நின்றதுண்டா?

எங்கள் பின்னாலேயே வந்த வாட்ச்மேன் அவர்கள் பாஷையில் தாத்தோவிடம் இடத்தைச் சொன்னார். அக்கா தன் போனிலிருந்த அருண் படத்தைக் காட்டி, "மை சன். டாக்டர்" என்றாள். அதற்குப் பிறகு தாத்தோ ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே... நம் ஊர் மினி பஸ்காரர்கள் அவரிடம் டியூஷன் படிக்கலாம். பாலம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

ஹாலில் கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். தாத்தோ வாசலில் நின்ற ஆளிடம் என்ன சொன்னாரோ, கதவு திறந்தது. அவரும் எங்களோடு உள்ளே வந்துவிட்டார்! மேடையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அருண் முறை முடிந்துவிட்டதா? யாரிடம் கேட்பது? கடைசியில் சுவரோரமாக நின்றோம்.

மைக்கில் ஒரு அம்மாள் இழுத்து இழுத்து வாசித்தார்.

"டாக்டர்... செல்லையா."

மாமாவின் பெயர்! எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அருணின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று கேட்டிருந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. அங்கே அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அருண் மேடை ஏறினான்.

அக்கா அந்தப் பெயரை எழுதுவாளே தவிர, வாயால் சொன்னதே இல்லை. பேங்க்கில் கணவர் பெயர் கேட்டால்கூடத் திரும்பி என்னைப் பார்ப்பாள், நான்தான் சொல்லுவேன். மாமா போன பிறகும் அப்படித்தான். அந்தப் பெயரை அவ்வளவு பெரிய ஹாலில் மைக்கில் கேட்டதும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும்தான். பக்கத்தில் தாத்தோ வாயில் விரலை வைத்து விசிலடித்தார்.

விழா முடிந்து படியில் நின்று எடுத்த படத்தை அக்கா இப்போது வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள். அதில் தாத்தோவும் நிற்கிறார். யார் என்று கேட்பவர்களிடம், "நம்ம தம்பி" என்கிறாள். எந்த வகையில் தம்பி என்று குளத்தூரில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

நாங்கள் கிளம்பிய அன்றும் தாத்தோவின் வண்டிதான். அருண் வழியனுப்ப ஏர்போர்ட் வரை வந்தான். "டாக்டர் செல்லையா, ப்ளீஸ்" என்று அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டார் தாத்தோ. டாக்டர் செல்லையா, ஏசி வேண்டுமா? டாக்டர் செல்லையா, ஊருக்கு எப்போது? வழியெல்லாம் இதே பாட்டு. அருண் கூச்சத்தில் நெளிந்தான். அது அப்பா பெயர் என்று அவரிடம் சொல்லிவிடட்டுமா என்று அம்மாவைக் கேட்டான்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே. "தம்பி கூப்புடட்டும். காதுல கேட்டு எம்புட்டு நாளாச்சு."

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, போகிற இடமெல்லாம் அதைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள் என்று இனிமேல் யாரும் என்னிடம் வந்து புலம்பாதீர்கள்!