தண்ணீர்ச் செம்பின் படம்

புதுக்கோட்டையில் நான் டிவி, ரிமோட் பழுது பார்க்கிறவன். குடுமியான்மலைப் பக்கமிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்பு. பேச்சுக்கு நடுவே செல்போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். கணவரைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பக்கவாதத்தில் கணவருக்குப் பேச்சு போய்விட்டது, எழுத்தும் மறந்துவிட்டது. ஃபேன், லைட்டை இயக்க மகன் துபாயிலிருந்து அனுப்பிய தொடுதிரை ரிமோட்டில் இருந்த படங்களும் அவருக்குப் புரியவில்லை.

"படத்தையாச்சும் மாத்திக் குடுங்க தம்பி. நேத்து ஃபேனை நிறுத்தத் தெரியாம நடுங்கிக்கிட்டுக் கெடந்தாரு. எனக்கு வேற வழி தெரியல."

அந்த அம்மா செல்போனில் எடுத்து வந்திருந்த வீட்டு ஃபேன், லைட் படங்களைக் கம்ப்யூட்டர் வழியாகப் பொத்தான்களில் ஏற்றினேன். கணவர் அந்த அம்மாவைக் கூப்பிடும் மணிக்கான பொத்தான் மிச்சமிருந்தது.

"இதுல ஒங்க படத்தையே போட்டுறவாம்மா?"

"வேணாம் தம்பி. என்னையப் பாத்தா யாரோன்னு மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. தண்ணிச் செம்பைப் போடுங்க. அதுக்குத்தான் கை நீட்டுறாரு."

அப்படியே செய்து கொடுத்தேன்.

மறுவாரம் வந்து, மற்றவற்றை நீக்கிவிட்டுச் செம்பை மட்டும் திரை முழுக்க வைக்கச் சொன்னார்.

"அதைத்தான் அமுக்கிக்கிட்டே இருக்காரு. தண்ணி கொண்டுபோனா குடிக்கிறதில்ல. நான் வந்து நிக்கிறதப் பாத்துட்டுக் கண்ணை மூடிக்கிறாரு."

வேலையை முடித்து ரிமோட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"என்னையத் தெரிஞ்சுதான் கூப்புடுறாரா தம்பி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.