அரைப் பங்குக்காரி

பழவேற்காடு ஏரிக் குப்பத்தில் பச்சையம்மா அரை ஆள். புருஷன் இருக்கிற வீடு ஊருக்கு முழு வரி கட்ட வேண்டும். தாலியறுத்தவள் வீடு பாதி கட்டினால் போதும். கருணைதான், யார் இல்லை என்றது? ஆனால் பாதி கட்டுகிறவளிடம் ஊர் எதையும் கேட்காது. பன்னிரண்டு வருஷமாக விடியலில் ஓடம் தள்ளி அக்கரைக்குப் போய்க் குடிதண்ணீர் கொண்டுவந்தாள். பகலில் கூடை சுமந்து மீன் விற்றாள். முதுகு விட்டுப்போயிற்று. ஊர்க்கூட்டத்தில் மட்டும் வாயைத் திறந்ததே இல்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் பஞ்சாயத்து யூனியனிலிருந்து குப்பத்துக்குப் பணம் வந்தது. ஒரே ஒரு வேலைக்குத்தான் காணும். மணல்மேட்டில் நல்ல தண்ணீர்க் கிணறா, இறால் காயவைக்க சிமென்ட் களமா என்று ஆண்பிள்ளைகள் மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஊர்த்தலைவர் அரசப்பனுக்குப் பொறுமை போய்விட்டது.

“வரி கட்ற எல்லா ஊடும் சொல்லட்டும். முழு வரிக்கு ஜோடி பிரியாத கிளிஞ்சல், அரை வரிக்கு ஒத்தக் கிளிஞ்சல். ரெண்டு கூடை வெக்கிறேன், இஷ்டப்பட்டதுல போடுங்க.”

ஊர் தன்னைக் கேட்கிறதா! பச்சையம்மாவுக்கு மெய் சிலிர்த்தது. கிணறு வராவிட்டால் சாகும்வரை ஓடம்தான். குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு தன் ஒற்றைக் கிளிஞ்சலைக் கிணற்றுக் கூடையில் போட்டாள்.

ஒற்றைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணினார்கள். களத்துக்கு நாற்பத்தொன்று. கிணற்றுக்கும் நாற்பத்தொன்று, அடியில் ஜோடி சேராத ஒற்றை ஒன்று மிச்சம்.

“அரையெல்லாம் ஒரு கணக்கா?” என்று எகிறினான் பரசுராமன். களத்துக்காக அதிகம் கத்தியவன் அவன்தான்.

அரசப்பன் அவனை முறைத்தார். “வருசா வருசம் அரை வரி வாங்கசொல்லோ அது கணக்கானு கேட்டியா நீ? கிணறுதான். எழுந்து போங்க.”

அந்த ஒற்றை யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டு ஜானகியம்மாளும் அரை வரிக்காரிதான், அவள் போட்டதாகக்கூட இருக்கலாம். கட்டைவிரல் அகலம்கூட இல்லாதது ஊரையே திருப்பிவிட்டதே என்று பச்சையம்மா பிரமித்துப்போய் நின்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

மறுமாதம் அரசப்பன் வரி வாங்க வந்தார். பச்சையம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை நீட்டினாள். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“உனக்குப் பாதிதானேம்மா?”

“இல்ல அண்ணாத்தே. இனிமே என்னை முழுசாவே எழுதிக்கோங்க.”