சிரித்து அனுப்பிய மருந்துக்கடைக்காரர்

பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் நான் கூச்ச சுபாவம் உள்ளவன். மாத்திரை கொடுத்து என் மனைவிக்குக் கருவைக் கலைத்த டாக்டரம்மா, கருத்தடை மாத்திரையை உடனே தொடங்கச் சொன்னார். வாங்கப் போய், கரு கலைத்ததைத் தாழ்ந்த குரலில் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் கூட்டத்தின் நடுவே, “அதுக்குள்ள அம்புட்டு அவசரமாண்ணே? தீட்டு வரட்டும். அதுவரைக்கும் ஒண்ணும் தங்காது” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். வெறுங்கையோடு திரும்பினேன்.

தீட்டு வரவேயில்லை, மறுபடியும் கரு.

“தீட்டுக்கு முந்தியே தங்கும்யா. அதான் உடனே தொடங்கச் சொன்னேன்” என்று டாக்டரம்மா கடிந்தார்.

மறுபடி கலைத்த வலியில் சுருண்ட மனைவி, “அந்தாளு சிரிச்சதுக்கு நான் படணுமா?” என்றாள்.

இப்போது மாத்திரையை ஆஸ்பத்திரியிலேயே வாய்விட்டுக் கேட்டு வாங்குகிறேன். இந்த அனுபவம் அச்சில் வந்ததும் அந்தக் கடைக் கதவில் ஒட்டுவேன். நான் ஒட்டியது லேசில் உரியாது.