அண்டாவின் மேல் விழுந்த பழி

முதலில் ஒரு "டொக்". உடனே, சைக்கிள் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே அட்டையைச் செருகி ஓட்டினால் வருமே, அதைப்போல ஒரு "டர்ர்ர்". பிறகு ஒன்றுமே நடக்காததுபோல அமைதி. செருப்பில்லாத பாதங்களுக்கு அடியில் தகரத் தரை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கூசிக்கொண்டிருக்கும். எங்கள் வண்டியைப் பிடித்திருந்த சத்தம் அது.

வண்டி என்று நான் சொல்வதை, நாங்கள் குடியிருந்த நாரிஸ் ரோட்டுப் பிள்ளைகள் "வீட்டு லோரி" என்பார்கள். கம்போங் கம்போங்காக, அதாவது கிராமம் கிராமமாகப் போய்ச் சுகாதாரப் படம் காட்டி ஓய்ந்துபோன பழைய வேன் ஒன்றை அப்பா ஏலத்தில் எடுத்தார். துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதுகிற கிராணி வேலை முடிந்து வருகிற மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ரம்பமும் சுத்தியலுமாக அதற்குள் புகுந்து, அடுக்குக் கட்டில், மடக்கு மேசை, மண்ணெண்ணெய் அடுப்புக்கு ஒரு மேடை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை என்று ஒரு முழு வீட்டையே உள்ளே கட்டி முடித்தார். வெள்ளைக்காரர்கள் ஊரில் இப்படி வண்டிக்குள் குடியிருந்தபடியே விடுமுறைக்குப் போகிறார்கள் என்று ஏதோ ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படம் பார்த்ததிலிருந்து அவரைப் பிடித்துக்கொண்ட ஆசை அது. செய்ததிலேயே அவருக்கு மிகவும் பெருமை தந்தது தண்ணீர்தான். தரைக்கு அடியில் ஒரு தகரத் தொட்டியை இரும்புப் பட்டை போட்டுத் தொங்கவிட்டு, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கைப்பம்பு வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி கொடுப்பதற்கு முன்னால் வண்டிக்குக் கூட்டிப்போய் அந்தப் பம்பை ஒருமுறை அடிக்க வைத்துவிடுவார்.

சின்னம்மா இந்தியாவுக்கே திரும்பிப் போகிறாள் என்ற செய்தி வராதிருந்தால் அந்த வண்டி கடைசிவரை அப்பாவின் விளையாட்டுச் சாமானாகவே இருந்திருக்கும். சின்னம்மா என் அம்மாவுக்கு ஒரே தங்கை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பம். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். வேலை போயிற்று, குடியிருந்த தோட்டத்து வீட்டையும் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். பினாங்கில் கப்பலேறி ஊருக்கே போய்விடுவது என்று சின்னப்பா முடிவெடுத்துவிட்டார். வீட்டை ஒப்படைத்த நாளுக்கும் கப்பல் புறப்படும் நாளுக்கும் நடுவில் நான்கு நாள் இடைவெளி விழுந்தது. அந்த நான்கு நாளும் எங்கே போய் நிற்பது என்று சின்னம்மா எழுதிக் கேட்டிருந்தாள்.

"அவளுக்கு வீடு இல்ல. நம்ம வீடு சக்கரத்து மேல நிக்குது. ஓட்டிட்டுப் போனா என்னங்க?" என்று அம்மா சோறு பரிமாறிக்கொண்டே கேட்டபோது அப்பா சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

அம்மாவின் திட்டம் பெரியது. தங்கையையும் பிள்ளைகளையும் தோட்டத்து வாசலிலேயே ஏற்றிக்கொள்வது, பினாங்கு கடலோரத்தில் வண்டியை நிறுத்தி நான்கு நாளும் தன் கையால் ஆக்கிப்போடுவது, கப்பலேறும்போது பாத்திரங்களை அப்படியே அவளிடம் கொடுத்து அனுப்புவது. ஊரில் போய்ப் புதுக்குடித்தனம் தொடங்குபவள் வெறுங்கையோடு போகக் கூடாது. அதனால் பித்தளை அண்டா, குண்டான், எவர்சில்வர் அடுக்கு, இடியப்ப உரல், எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஆட்டுக்கல், இவற்றோடு அரிசி மூட்டையும் வண்டியின் பின்பக்கம் கட்டிலுக்கடியில் ஏறின. தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தார் அப்பா. வண்டியை ஓட்டப்போகிற மாமா, அம்மாவின் தம்பி, பஸ் கம்பெனி ஒன்றில் டிரைவர், ஒரு வெள்ளோட்டம் பார்ப்போம் என்று சாவியைத் திருகினார். சிராங்கூன் ரோட்டில் ஏறி ரோச்சோர் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினோமோ இல்லையோ, டொக், டர்ர்ர்.

எனக்குப் பதினான்கு வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் அந்த ஆண்டுதான் விஞ்ஞானப் பாடத்தில் ஒலியைத் தொடங்கியிருந்தார்கள். படித்ததை எதன்மேலாவது பிரயோகித்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்த வண்டியின் சத்தங்கள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். "கிரீச்" என்றால் மேல்கட்டிலின் கீல். "சலசல" என்றால் கரண்டிப் பெட்டி. நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் வருகிற "ங்ங்ங்" ஜன்னல் கண்ணாடி. இரும்புப் பெட்டிக்குள் சத்தம் எல்லாப் பக்கமும் ஓடிவிடும், எங்கிருந்து வருகிறது என்று காதை நம்பித் தேடினால் ஏமாந்துதான் போவோம், எப்போது வருகிறது என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும் என்று நானாகக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். இந்தப் புதுச் சத்தமோ நேர்ரோட்டில் வரவில்லை, திரும்பும்போது வரவில்லை, மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் வந்தது.

பெரியவர்கள் அப்படியெல்லாம் கேட்கவில்லை. மாமாவுக்கு எந்த வண்டியில் என்ன சத்தம் வந்தாலும் அது கியர்பெட்டிதான். அப்பாவுக்கோ முதல் "டொக்"கிலேயே தீர்ப்பு தயாராகிவிட்டது. "எல்லாம் உன் அண்டா குண்டான்தான்" என்றார்.

அம்மா விடவில்லை. பழைய சேலைகளைக் கிழித்து அண்டாவுக்குள் திணித்தாள், அடுக்குகளுக்கு நடுவே துணி சுற்றினாள், இடியப்ப உரலைக் கைப்பிள்ளைபோல மடியிலேயே வைத்துக்கொண்டு பாலம் வரைக்கும் வந்தாள். டொக், டர்ர்ர். மறுநாள் அப்பா பாத்திரம் பண்டம், ஆட்டுக்கல், அரிசி எல்லாவற்றையும் இறக்கி "அஞ்சடி"யில், அதாவது எங்கள் கடைவரிசையின் முன்னால் ஓடுகிற நடைபாதையில், வரிசையாக வைக்கச் சொன்னார். காலி வண்டி பாலத்தைத் தாண்டித் திரும்பி வந்தது. ஒரு முனகல்கூட இல்லை.

"பாத்தியா?" என்றார் அப்பா, வண்டியிலிருந்து இறங்கும்போதே.

அதோடு முடிவும் சொல்லிவிட்டார். என்னவென்று தெரியாத சத்தத்தோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. சத்தம் எதனால் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆகவே பாத்திரங்கள் வராது, இரண்டு சட்டியும் ஒரு கெட்டிலும் போதும், மற்றதைக் கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொள்ளலாம். அவர் நியாயமாகத்தான் பேசினார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அம்மா அஞ்சடியில் அண்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "வீட்டக் குடுத்துட்டு நடுரோட்டுல நிக்கிறா அவ. இனிமே எப்ப பார்ப்பேனோ, பார்ப்பேனோ மாட்டேனோ. நாலு நாளு என் கையால வடிச்சுப் போடணும்னு கேக்குறேன். எதுல வடிக்கிறது, உங்க தொப்பியிலயா?" என்றாள். பாத்திரம் வராவிட்டால் தானும் வரப்போவதில்லை என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் காலையில் புறப்பட்டாக வேண்டும். கப்பல் எங்களுக்காகக் காத்திருக்காது.

எனக்கு அப்போது சட்டென்று ஒன்று தோன்றியது, தோன்றியதும் வாயில் வந்துவிட்டது. அப்பா ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்திருந்தார். பாத்திரத்தையும் இறக்கினார், பாரத்தையும் இறக்கினார். சத்தம் நின்றது எதை இறக்கியதால் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பாத்திரம் இல்லாமல் பாரத்தை மட்டும் ஏற்றிப் பார்க்க வேண்டும், அப்போதும் சத்தம் வந்தால் அண்டாமேல் தப்பில்லை என்றேன்.

"பாரத்துக்கு எங்க போறது?" என்றார் மாமா. நான் பக்கத்துக் கடையைக் காட்டினேன்.

பக்கத்துக் கடை காசிம் நானாவின் மசாலா மில். நாகூர்ப் பக்கத்து மனிதர். உட்கார்ந்தால் நாற்காலி தெரியாத உடம்பு. அவர் மிளகாய்த்தூள் அப்பிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து விஷயத்தை முழுவதும் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, "ஏன் பாப்பா, என்னைய அண்டாவுக்குப் பதிலா ஏத்துறியா, இல்ல ஆட்டுக்கல்லுக்கா?" என்றார்.

"ரெண்டுக்கும் சேர்த்துத்தான் நானா" என்றாள் அம்மா. அன்றைக்கு அவள் முகம் அப்போதுதான் முதல்முறையாகத் தெளிந்தது.

நானாவோடு மில் ஆட்கள் நாலைந்து பேரும், காப்பிக்கடைச் சீனர் ஒருவரும், என்ன ஏது என்று கேட்காமலே இரண்டு பையன்களும் ஏறிக்கொண்டார்கள். சாவிக்கொத்து, சில்லறை, வெற்றிலைப்பெட்டி என்று சத்தம் போடக்கூடியது எது இருந்தாலும் வாங்கி அஞ்சடியில் வைத்தேன். எல்லோரையும் பின்பக்கம் கட்டிலில் நெருக்கி உட்கார வைத்து, யாரும் பேசக் கூடாது என்று நான் சொல்ல, "பரீட்சை நடக்குது, சும்மா இருங்க லா" என்று நானா தன் ஆட்களை அதட்டினார். வண்டி அசைந்து அசைந்து போய்ப் பாலத்தில் ஏறியது.

டொக். டர்ர்ர்.

நானா இரண்டு கையையும் தூக்கி, "கிராணியாரே, சத்தியமா நான் இல்ல" என்றார். வண்டியே குலுங்கும்படி எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ போ மாப்ளே" என்றார் மாமாவிடம்.

நான் தயாராகத்தான் வந்திருந்தேன். குளியலறையிலிருந்து ஒரு ரப்பர் குழாயைக் கழற்றி எடுத்து வந்திருந்தேன். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பதுபோல ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைத் தரையிலும் வைத்தால், குழாய் வைத்த இடத்துச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கும். பள்ளிக்கூடச் சட்டையோடு தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, பாலத்தில் ஏறி இறங்குகிற ஒவ்வொரு முறையும் குழாயை ஒரு சாண் நகர்த்தினேன். கதவோரம் மெலிசு. கட்டிலுக்கடியில் கொஞ்சம் பரவாயில்லை. அடுப்பு மேடைக்குக் கீழே வைத்தபோது காதில் அறைந்தமாதிரி விழுந்தது. "இங்கதான், நிறுத்துங்க மாமா."

பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தினார்கள். பின்பக்கத்துப் பாரத்தை இறக்காமல், நானாவும் மற்றவர்களும் மேலே உட்கார்ந்திருக்க, மாமாவும் நானும் அடியில் ஊர்ந்துபோய்ப் பார்த்தோம். இன்ஜின் சுற்றுகிற சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளமான இரும்புத் தண்டு ஒன்று வண்டிக்கடியில் ஓடும்; மாமா அதை "ஷாப்ட்" என்பார். கறுத்துக் கிடந்த அந்தத் தண்டின் ஓரிடத்தில் மட்டும், மோதிரம் போட்டதுபோல, வெள்ளை வெளேரென்று ஒரு வளையம் பளபளத்தது. அதற்கு நேர் மேலே, ஒரு விரல் இடைவெளியில், தேய்ந்து மழுங்கிய ஒரு போல்ட்டின் தலை. தண்ணீர்த் தொட்டியைத் தாங்கியிருந்த பட்டையின் போல்ட். பின்பக்கம் பாரம் ஏறியதும் வண்டியின் உடம்பு தாழ்ந்துவிடுகிறது. பள்ளத்தில் விழும்போது அந்தப் போல்ட் சுற்றுகிற தண்டின்மேல் போய் இடிக்கிறது. அவ்வளவுதான்.

"போற வழியில யோங் பெங் ஊரக்கூடத் தாண்டியிருக்க மாட்டோம் மச்சான்" என்று மாமா அடியில் இருந்தபடியே சொன்னார். "பட்டை அறுந்து, தொட்டி ஷாப்ட்டுல விழுந்து, ஓடுற ஓட்டத்துல வண்டி எங்க போயிருக்கும்னே தெரியாது."

அப்பா வெள்ளைக் காற்சட்டையோடு தானும் அடியில் நுழைந்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முதுகெல்லாம் கிரீஸ். யாரையும் பார்க்காமல் ஸ்பேனரைக் கேட்டார். மாமா உதவிக்குப் போனதையும் வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, தொட்டியையும் பட்டையையும் பம்பையும் தானே ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிடித்து வைத்த தண்ணீரெல்லாம் சாக்கடையில் ஓடியது. வீடு திரும்பிப் பாத்திரமும் கல்லும் மூட்டையும் பழையபடி ஏற்றி ஒருமுறை பாலத்துக்குப் போய்வந்தோம். கரண்டிகள் சலசலத்தன, கட்டில் கிரீச்சிட்டது, அதற்குமேல் ஒன்றுமில்லை.

அப்பா அம்மாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. அஞ்சடியில் நின்று கையைத் துடைத்துக்கொண்டே, "அப்ப தண்ணிய எதுல கொண்டு போறது?" என்று மட்டும் கேட்டார்.

"அண்டாலதான்" என்றாள் அம்மா.

மறுநாள் விடிந்ததும் புறப்பட்டோம். எங்கள் தீவை அக்கரையோடு இணைக்கிற கோஸ்வேயில் சுங்கக்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, ஆட்டுக்கல்லைக் கண்டு சிரித்து, போகச் சொல்லிவிட்டார். தோட்டத்து வாசலில் தகரப் பெட்டிகளோடு நின்ற சின்னம்மா வண்டிக்குள் ஏறியதும் முதலில் அடுப்பு எங்கே என்று கேட்டாள். பினாங்கில், துறைமுகத்துக்குச் சற்றுத் தள்ளி, கடலைப் பார்த்த ஒரு சவுக்குத் தோப்பில் நிறுத்தினோம். அந்த நான்கு நாளும் அக்காவும் தங்கையும் ஒருத்தி அரிந்துகொடுக்க ஒருத்தி தாளித்தபடி, உப்பு கூடிப்போயிற்று குறைந்துபோயிற்று என்று ஓயாமல் சண்டை போட்டார்கள். கடைசி நாளும் அதே சண்டைதான். பாத்திரங்களைச் சாக்கில் கட்டி ஆட்கள் தூக்கிப் போனபோதும், கப்பலின் படிக்கட்டில் சின்னம்மா பாதி ஏறித் திரும்பிப் பார்த்தபோதும், அம்மா அழவில்லை. "போனதும் புளிய மாத்து, அந்தப் புளி சரியில்ல" என்று கீழேயிருந்து கத்தினாள்.

இப்போது நான் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் மின்விசிறி மோட்டார்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். நாங்கள் நாரிஸ் ரோட்டை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். கீழே நிறுத்த இடம் கிடைக்காமல் அப்பா வீட்டு லோரியை ஐஸ்கட்டி வியாபாரி ஒருவருக்கு விற்றுவிட்டார். அவர் கட்டில்களைப் பிடுங்கி எறிந்துவிட்டதாகக் கேள்வி. காசிம் நானா மில்லை மகனிடம் விட்டுவிட்டு நாகூருக்கே போய்விட்டார். கோஸ்வேயில் இப்போது சிரிப்பதற்கு யாருக்கும் நேரமில்லை. இரண்டு பக்கமும் இரண்டு நாடு, பாஸ்போர்ட்டை நீட்டி வரிசையில் நிற்க வேண்டும். போன மாதம் தோழிகளோடு பஸ்ஸில் பினாங்கு போனபோது அந்தக் கடலோரத்தைத் தேடிப் பிடித்தேன். சவுக்கு ஒன்றுகூட இல்லை. முழு இடத்தையும் கம்பிவேலி போட்டு அடைத்து, உள்ளே கிடங்கு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்ததும் அம்மா மற்ற எதையும் கேட்கவில்லை. நாம நிறுத்துன இடம் இருக்கா என்று கேட்டாள். வேலி போட்டுவிட்டார்கள் என்றேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் அரிந்ததைக் கத்தியால் தட்டில் தள்ளினாள்.

"சரி, சின்னம்மா வந்தா வேற இடம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.